சுந்தரி அத்தையின் முறுக்கும் என் இடது தாடையும்

புக்கிட் பாஞ்சாங்,
தீபாவளி கழிந்த இரண்டாவது ஞாயிறு

அன்பு மகள் இனியாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், என் இடது தாடை மட்டும் கொஞ்ச நாள் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்தியது, அதுவும் இப்போது வழிக்கு வந்துகொண்டிருக்கிறது. கிளாஸ்கோ குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். அதிகம் பேசாதே என்பது எனக்கு மருத்துவ உத்தரவு. குறுஞ்செய்தி அனுப்பலாம்தான், ஆனால் நம் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிய செய்தி மாலைக்குள் குடும்பக் குழுவில் தேங்காய் உடைத்துக் கும்பாபிஷேகம் கண்டுவிடுகிறது. காகிதத்தை யாரும் ஃபார்வர்ட் செய்ய முடியாது. மேலும் நடந்த கதையை நீ ஏற்கெனவே மூன்று விதமாகக் கேட்டிருப்பாய். அப்பா சொன்னதில் அவர் என்னைக் காப்பாற்றினார். சுந்தரி அத்தை சொன்னதில் அவர் என்னை மன்னித்தார். அத்தை மகன் ஜெய் சொன்னதில் நான் தீபாவளியும் அதுவுமாக அவர்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து அவன் அம்மாவை அவமானப்படுத்தினேன். மூன்றும் முழுப் பொய் இல்லை, ஆனால் மூன்றிலும் என் தாடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே தாடைக்குச் சொந்தக்காரி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இது ஆரம்பித்தது நீ கிளாஸ்கோவுக்குக் கிளம்பிய மாதம். காலையில் கொட்டாவி விட்டால் இடது காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம். வலி கிடையாது, சத்தம் மட்டும். பிறகு மெல்ல வலி வந்தது, காதுக்குள்ளா கன்னத்திலா நெற்றியிலா என்று சொல்லத் தெரியாத ஒரு வலி. அப்பா கைத்தொலைபேசி விளக்கை அடித்து என் காதுக்குள் பார்த்துவிட்டு அழுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். எதிர்வீட்டு ஹலீமா ஞானப்பல் என்று சொல்லிக் கிராம்பு கொடுத்தாள், நாற்பத்தாறு வயதில் எனக்கு என்ன ஞானம் புதிதாக முளைக்கப் போகிறது என்று அவளிடம் கேட்டேன். அலுவலகத்தில் இடது பக்கத் தாடை வலி என்றதும் எல்லோரும் என் மாரைப் பார்த்தார்கள், அதுவும் நியாயம்தான் என்று இதயத்தைச் சோதித்துக்கொண்டேன், அது நன்றாக இருக்கிறதாம். அத்தை வாய்வு என்றார். அத்தைக்கு உலகத்தில் உள்ள நோய் எல்லாம் வாய்வு, இல்லாவிட்டால் கண்ணேறு. பல் மருத்துவர், காது மருத்துவர் என்று யார் பெயரும் அதுவரை பேச்சில் வரவில்லை. வாய் திறந்து நான் சொன்னால்தானே வரும். குறை கேட்கும் பிரிவில் வேலை பார்ப்பவளுக்குத் தன் குறையைச் சொல்ல நேரம் ஏது. நாள் முழுக்க யாரோ ஒருவர் தொலைபேசியில் என்னைத் திட்டுவார், நான் பல்லோடு பல்லை ஒட்டிவைத்துக்கொண்டு உங்கள் கருத்துக்கு நன்றி என்பேன், இடைவேளையில் தே பெங் என்கிற ஐஸ் டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையின் அடியில் இருக்கிற பனிக்கட்டியைக் கடித்து நொறுக்குவேன். அந்தப் பனிக்கட்டிக்குத்தான் தெரியும் நான் யாரை நொறுக்கினேன் என்று.

அத்தையின் முறுக்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெம்பனிஸில் ஒரு அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் சுட்ட முறுக்கு சிராங்கூன் ரோட்டுப் பலகாரக் கடைக்காரர்கள் வீட்டுக்கே போகிறது என்றால் சும்மாவா. ஜெய் தொலைபேசியில் ஆர்டர் எடுக்கிறான், அத்தை பிழிகிறார். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அத்தை ருசி பார்க்க ஒரு மாதிரிச் சுற்று போடுவாரே, அதில் முதல் முறுக்கை எடுத்து என் கையில்தான் கொடுப்பார், நான் கடித்துப் பார்த்து உப்பு இவ்வளவு, ஓமம் இவ்வளவு, கரகரப்பு சரி என்று சொன்ன பிறகுதான் மிச்ச மாவை எடுப்பார். நான் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து இதுதான் வழக்கம். பெற்ற பிள்ளைக்கும் கொடுக்காமல் தம்பி மனைவிக்குக் கொடுக்கிறாரே என்று எனக்குள் ஒரு பெருமையும் உண்டு. இந்த வருடமும் கூப்பிட்டார், புக்கிட் பாஞ்சாங்கில் நீல ரயிலில் ஏறினால் தெம்பனிஸ் கிட்டத்தட்ட அந்தக் கோடி, ஒரு தூக்கம் போட்டு எழுந்து போனேன். முறுக்கை வாங்கினேன், கடைவாயில் வைத்துக் கடித்தேன். முறுக்கும் உடைந்தது, காதருகே ஏதோ ஒன்றும் நழுவியது. வாயை மூட முடிந்தது, திறக்க முடியவில்லை. ஒரு விரல் போகும், இரண்டாவது விரல் வாசலில் நிற்கும். அத்தை என் எதிரில் கரண்டியோடு நின்று, "சொல்லு அனிதா, எப்படி இருக்கு, சொல்லேன்" என்று கேட்டபடி இருந்தார். நான் பல் இடுக்கு வழியாக நல்லா இருக்கு அண்ணி என்றேன். அதைவிட மோசமாக யாரும் ஒரு முறுக்கைப் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

அரசு பாலிகிளினிக்கில் காட்டி, அவர்கள் எழுதிக் கொடுத்து, பல் மருத்துவமனையில் தாடை மூட்டுக்கென்றே இருக்கும் பிரிவில் போய் உட்கார்ந்தோம். அப்பாவும் வந்தார். மருத்துவர் சின்னப் பெண், சீனர், சாந்தமான முகம். எப்போது தொடங்கியது என்று என்னைப் பார்த்துக் கேட்டார், அப்பா பதில் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டார், அப்பா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், அதுவும் வலது கன்னத்தை. வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு அப்பா கொஞ்சம் யோசித்து ஆறு என்றார். எனக்கு எட்டு. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அங்கிள், தாடை உங்களுடையதா ஆண்டியுடையதா என்று மரியாதையாகக் கேட்டார். அப்பா சிரித்துவிட்டு, அவளுக்கு வாய் திறக்காது டாக்டர், அதனால்தான் என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது. வாய் பூட்டிக்கொண்ட நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற கேள்விக்கு அப்பாவின் முகம் மலர்ந்தது. அக்கா முறுக்கு என்று ஆரம்பித்து, முறுக்கு என்றால் என்ன என்று அவர் கேட்க, ஜெய் போட்டிருக்கும் விளம்பரப் படத்தைத் தொலைபேசியில் திறந்து காட்டி, டாக்டருக்கு ஒரு டின் சொல்லிவிடவா என்று கேட்கும் வரை போனார். டாக்டர் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, கணினியில் என்னமோ தட்டினார்.

பிறகு அவர் விளக்கியதை நீ கவனமாகக் கேள், கடைசியில் சொல்கிறேன் ஏன் என்று. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் எலும்பு அசைவது தெரியும், அதுதான் மூட்டு. மேல் எலும்புக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் சின்னதாக ஒரு மெத்தை இருக்கிறது. வாய் திறக்கும்போது தாடையும் மெத்தையும் சேர்ந்தே நகர வேண்டும், நம் ரயிலின் கதவும் நடைமேடைக் கதவும் ஒன்றாகத் திறப்பது போல. மெத்தை கொஞ்சம் முன்னால் நழுவிப்போய், வாய் திறக்கும்போது திரும்பத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தால் அதுதான் டக் சத்தம். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லையென்றால் பயமும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம், ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கிறதாம். மெத்தை வந்து உட்காராமல் முன்னாலேயே நின்றுவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும், எனக்கு ஆனது அது. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருக்கிற தசைகள் நாளெல்லாம் இறுகி இறுகிக் களைத்துப்போவது இன்னொரு பக்கம், தலைவலி அதனால்தான். முறுக்கு காரணமா என்று நானே பல் இடுக்கு வழியாகக் கேட்டேன். இல்லை ஆண்டி, பல மாதமாக நீங்கள் இழுத்துவைத்திருந்த கயிறு, அது முறுக்கு அன்று அறுந்தது, பழமாக இருந்தாலும் அறுந்திருக்கும் என்ற அர்த்தத்தில் சொன்னார். இவ்வளவையும் அப்பா தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் ரயிலில், குடும்பக் குழுவுக்குக் குரல்செய்தி அனுப்பினார். "அனிதாவுக்கு ஒண்ணும் பயமில்ல. அக்கா முறுக்கு கடிச்சதுலதான் தாடை விலகிடுச்சாம். நான் முறுக்கு போட்டோ காட்டினேன், டாக்டரே கம்ப்யூட்டர்ல எழுதிக்கிட்டாங்க." ஆறுதல் சொல்லத்தான் அனுப்பினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உன் அப்பா யாருக்கும் கெட்டது நினைக்க மாட்டார், நினைக்காமலேயே செய்துவிடுவார்.

சற்று நேரத்தில் அத்தை குழுவில் ஒரு கும்பிடு பொம்மை போட்டார். எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் கும்பிடு. அதைப் பார்த்ததும் அப்பா அடுத்த நிலையத்தில் இறங்கித் தெம்பனிஸுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார். மறுநாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் ஜெய்யிடம், வயதானவங்க இருக்காங்க, கொஞ்சம் மிருதுவான முறுக்கு கிடைக்குமா என்று கேட்டுவிட்டாராம். அவ்வளவுதான். அத்தை அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார், ஒலிபெருக்கியில் போடாமலே எனக்குக் கேட்டது. "எம் முறுக்குல எம் தம்பி பொண்டாட்டி வாய் ஒடஞ்சிடுச்சுன்னு ஊரே பேசுது. நீ டாக்டர்கிட்ட போட்டோ வேற காட்டியிருக்க. சரி. தீபாவளி அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது அவ வந்து எம் முறுக்க கடிச்சுக் காட்டட்டும். இல்லைன்னா உன் வீட்டு வாசப்படி நான் மிதிக்கல, எம் வீட்டு வாசப்படி நீங்க மிதிக்க வேணாம்." அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் வந்து, ஒரு கடிதான் அனிதா என்றார்.

அந்த ஒரு கடியின் விலை எனக்குத் தெரியும், மறுபடி கடினமாகக் கடித்தால் என்ன ஆகும் என்று முன்பே டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தேன். இப்போது ஓய்வு கொடுத்தால் தானாகவே வழிக்கு வரும், பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது, மறுபடி பூட்டிக்கொண்டால் மூட்டுக்குள் ஊசி போட்டுக் கழுவிப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றார். உன் அப்பாவுக்கு அக்கா, எனக்குத் தாடை, இரண்டில் ஒன்று என்று ஆகிவிட்டது. இதற்கு நடுவில் உறவினர் ஒருவர் எங்கோ ஒரு கிளினிக்கைச் சொன்னார், கடைவாய்ப் பற்களை எல்லாம் மட்டமாக ராவிவிட்டால் தாடை சரியாக உட்கார்ந்துவிடுமாம். டாக்டரிடம் சொன்னேன். திருப்பி எடுக்க முடியாத எதையும் இந்த நோய்க்கு அவசரப்பட்டுச் செய்துகொள்ளாதீர்கள், ராவின பல் வளராது ஆண்டி என்றார். குடும்பத்தில் பேசின பேச்சுக்கும் அது பொருந்தும் என்று எனக்குப் பட்டது, சொல்லவில்லை.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். மாத்திரை என்றால் விழுங்கிவிட்டு மறந்துவிடலாம், இது நாள் முழுக்க நம்மை நாமே கவனிக்கிற வேலை. சோறு குழைவாக, பழம் சின்னச் சின்னத் துண்டாக. வெந்நீரில் பிழிந்த துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கை கொடுக்க வேண்டும். கையில் கன்னத்தை ஊன்றி உட்காரக் கூடாது, தொலைபேசியைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கக் கூடாது, பனிக்கட்டி அறவே கூடாது. தூங்கும்போது போட ஒரு பல் கவசம் கொடுத்தார்கள், அப்பா என்னைக் குத்துச்சண்டைக்காரி என்கிறார். முக்கியமான பாடம் ஒன்று: வாய் சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க வேண்டும், பல் பல்லைத் தொடக் கூடாது, நாக்கு மேலண்ணத்தில் படிந்திருக்க வேண்டும். பல் பல்லைத் தொட வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமாம். இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாது, நான் நாளெல்லாம் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஞாபகம் வர வீட்டில் அங்கங்கே வண்ணப்புள்ளி ஒட்டச் சொன்னார், அங்கே தாடைப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிப் பெண். நான் கேம்பல் லேன் தீபாவளிச் சந்தைக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வந்து ஒட்டினேன். குளிர்பதனப் பெட்டிக்குப் பொட்டு, கணினிக்குப் பொட்டு, அலுவலகத் தொலைபேசிக்குப் பொட்டு, கண்ணாடிக்குப் பொட்டு. ஹலீமா வந்து பார்த்துவிட்டு, "என்ன அனிதா, வாஷிங் மெஷினுக்கு நிச்சயதார்த்தமா?" என்று கேட்டாள். பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் பல் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். குறை கேட்கும் வேலையில் எதிர்பார்த்தது போல இறுகியிருந்தது. சமைக்கும்போதும் இறுகியிருந்தது. குடும்பக் குழுவில் மணி அடித்தால் படிக்கும் முன்பே இறுகியது. அப்பா, அனிதா என்று கூப்பிட்டாலே இறுகியது, பாவம், மனிதர் தண்ணீர் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார். ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறவள் என்று எனக்கு நல்ல பெயர் உண்டே, அந்த நல்ல பெயரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒற்றை மூட்டுதான் என்று அப்போது புரிந்தது.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு தெம்பனிஸ் போனோம். ரயிலில் அப்பா எனக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே வந்தார். முன்பல்லால் கடி, சின்னதாக் கடி, கடிக்கிற மாதிரி கடி, அப்புறம் நான் பாத்துக்கறேன் என்றார். கடிக்கிற மாதிரி கடிப்பது எப்படி என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறிய கூட்டத்தில் அந்தப் பேச்சு அமுங்கிப்போனது. அத்தை வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். சாப்பாடு முடிந்து இஞ்சித் தே வந்தது. அத்தை எவர்சில்வர் தட்டில் ஒரே ஒரு முறுக்கை வைத்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். ஜெய் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றான், படம் எடுக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் முறுக்கை எடுத்தேன். பல் எங்கே என்று பார்த்தேன், இறுகியிருந்தது. விலக்கினேன். முடியாது அண்ணி, எனக்கு இன்னும் ஆறவில்லை, கடித்தால் மறுபடி பூட்டிக்கும், ஆனா உங்க முறுக்கை நான் விட மாட்டேன் என்று சொல்லி, அதை நாலாக உடைத்து என் தேயில் போட்டேன். கூடத்தில் யாரோ ஐயோ என்றார்கள். முறுக்கு மெல்ல முங்கியது. அத்தை தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அப்பா என் காதில், போச்சு, எங்கக்கா போச்சு என்றார்.

நான் பின்னாலேயே போனேன். அத்தை கதவைச் சாத்தினார். அழுவார் அல்லது திட்டுவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் திட்டத்தான் செய்தார், ஆனால் இப்படி. "அறிவிருக்காடி உனக்கு? தேயில போட்டா எண்ணெ எல்லாம் மேல மிதக்கும். அதுவும் இஞ்சித் தே. ஓமம் செத்தே போயிடும். கிண்ணத்துல வச்சு, வெந்நிய கையால தெளிச்சு மூடிடணும். பாதி ஊறுனதும் தயிருல போடணும். அப்பத்தான் உப்பும் தெரியும், ஓமமும் தெரியும்." இனியா, அது ஒரு நாளில் வருகிற அறிவு இல்லை. நான் கேட்டேன், எப்பலேர்ந்து அண்ணி என்று. அத்தை குழாயைத் திறந்துவிட்டார், வெளியே கேட்கக் கூடாது என்று. ஜெய் ஆறாங்கிளாஸ்ல பி.எஸ்.எல்.இ. பரீட்சை எழுதின வருசத்துலேர்ந்து என்றார். ஜெய்க்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. வாயைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் சிக்கிக்கொண்ட இழுப்பறை மாதிரி கோணலாகக் கொஞ்சம் வந்து நின்றது. வலிச்சப்ப சொல்லல, அப்புறம் வலியும் போயிடுச்சு, வாயும் திறக்கல என்றார். யாரிடமும் சொல்லவில்லையா என்றால், "முறுக்கு கடிக்க முடியாதவ சுட்ட முறுக்க எவடி வாங்குவா?" என்று என்னையே கேட்டார்.

அந்தக் குழாய்ச் சத்தத்தில் நின்று பழையதை எல்லாம் கோத்துப் பார்த்தேன். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடாமல் எல்லோரும் முடித்தபின் தனியாகச் சாப்பிடுகிறாரே, அது பெரிய மனுஷித்தனம் இல்லை, சோற்றைப் பிசைந்து பிசைந்து உள்ளே தள்ள நேரம் ஆகும் என்பதால். முதல் முறுக்கை வருடா வருடம் என் கையில் கொடுத்தாரே, அது மரியாதையும் இல்லை. அவருக்குக் கடிக்க ஒரு வாய் வேண்டியிருந்தது, உள்ளதை உள்ளபடி சொல்கிற வாயாக. என் தாடை பூட்டிக்கொண்டபோது எனக்குப் போனது ஒரு தாடை, அத்தைக்குப் போனது அவர் தொழில். அந்தப் பயத்தைத்தான் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். சேர்ந்து சமையலறையிலிருந்து வெளியே வந்தோம். அத்தை கூடத்தைப் பார்த்து, "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா, நான் மன்னிச்சிட்டேன்" என்று அறிவித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை ரகசியத்துக்கு அது நல்ல மூடி. அதனால் குடும்ப வரலாற்றில் இந்த வருடம் நான் குற்றவாளி, பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகிறேன். இனிமேல் மாதிரி முறுக்கு கடிக்கிற பதவி உன் அப்பாவுக்கு. போன வாரமே ஒருமுறை கடித்துவிட்டு வந்தார், உப்பு எப்படி என்று அத்தை கேட்டால், அக்கா, சிறுவயசுல அம்மா சுட்டது மாதிரியே என்று கண்கலங்குகிறாராம். உப்பு கூடவா குறைவா என்று இன்னும் தெரியவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை அத்தையை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன், ஊருக்கெல்லாம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு. உள்ளே உட்கார்ந்ததும் வலி எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். என் வாய் தானாகப் பதில் சொல்லப் போயிற்று, நான்கு என்றோ ஐந்து என்றோ. சட்டென்று மூடிக்கொண்டேன், இது வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொள்கிற வியாதி போலிருக்கிறது. அத்தையே பேசினார், உடைந்த ஆங்கிலமும் மலாயும் கலந்து, கைவிரலால் அளந்து காட்டி, நான் இருபது வருடத்தில் கேட்டிராத அளவுக்குப் பேசினார். இத்தனை காலம் ஆனபின் அந்த மெத்தை பழைய இடத்துக்கு வராது, ஆனால் தசையை இழுத்துப் பழக்கினால் வாய் இன்னும் கொஞ்சம் திறக்கும், ஆரம்பத்திலேயே வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அத்தை அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, இனியாவுக்கு எழுது என்றார். எதை அண்ணி என்றேன். எல்லாத்தையும் எழுது, என்னைப் பத்தியும் எழுது என்றார். நீ பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டில் தங்கும்போது தூக்கத்தில் பல்லை நறநறவென்று அரைப்பாயாம், பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், பூச்சி என்று நினைத்து வேப்பங்கொழுந்து கொடுத்தாராம். நானும் பார்த்தேன் கண்ணு, பரீட்சை பற்றிப் பேசும்போதெல்லாம் நீ வீடியோவில் கன்னத்தை விரலால் தேய்க்கிறாய், தலைவலி என்று மாத்திரை போடுகிறாய், காலையில் வாய் இறுக்கமாக இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய்.

அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. "வெறும் சத்தம்னா விட்டுடு. வலிச்சா மறைக்காத. நான் மறைச்சு மறைச்சு, எம் முறுக்கு என்னா சத்தம் போடும்னே எனக்கு மறந்து போச்சு. ஊரெல்லாம் கரகரன்னு இருக்குன்னு சொல்லுது, நான் நம்பிக்கிட்டு இருக்கேன்." இதைச் சொல்லிவிட்டு அத்தை பேருந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

இந்த வாரமே பல்கலைக்கழக மருத்துவரிடம் நேரம் கேள். அதற்குமுன் கண்ணாடி முன்னால் நின்று மூன்று விரலை நெட்டுக்குத்தாக வைத்து வாய்க்குள் போகிறதா என்று பார், போகாவிட்டால் அன்றே எனக்குச் சொல், கெட்ட செய்தியாக இருந்தாலும் சொல், அம்மா கவலைப்படுவாள் என்று நினைத்துச் சிரித்து மறைக்காதே. யாராவது பல்லை ராவலாம் என்றால் எழுந்து வந்துவிடு. உன் விஷயத்தை அப்பாவிடம் பிறகு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், குழுவில் எதையும் எழுதாதே. நோயின்றி, நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக, நினைத்ததை நினைத்த இடத்தில் வாய் திறந்து சொல்கிறவளாக நீ வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் அத்தையும் ஆசி கூறுகிறோம்.

என்றும் உன் நலம் விரும்பும் அம்மா,
அனிதா ரமணன்